மூன்றுக்கும் ஒரே ல

காகிதம் வந்த அன்று காலை மொட்டை மாடித் தொட்டியில் ஒரு சாண் தண்ணீர்தான் இருந்தது. தெய்வானை துடைப்பக் குச்சியை உள்ளே விட்டு, ஈரம் ஏறிய இடத்தை விரலால் பிடித்துக்கொண்டு வெளியே எடுத்து அளந்தாள். நேற்றைவிட இன்றைக்கு ஒரு விரலுக்கு மேல் குறைவு. பங்குனி முடிகிற சமயம். மற்ற வருஷமாக இருந்தால் இந்த வாரம் பர்மாப் புத்தாண்டுக்கு யாங்கோன் முழுக்கத் தெருவுக்குத் தெரு மேடை போட்டு, போகிறவர் வருகிறவர் தலையிலெல்லாம் தண்ணீரை ஊற்றிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். மழைக்கு இன்னும் நாற்பது நாளாவது இருக்கிறது. மூன்று பேருக்கு இந்தத் தண்ணீர் பத்து நாள் வரும். முகம் கழுவாமல் இருந்தால் பன்னிரண்டு.

அவர்கள் இருந்தது பபேடானில், இருபத்தாறாம் தெருவில், ஐந்தாம் மாடி வீட்டில். தெய்வானைக்குப் பதினாலு வயது நடந்துகொண்டிருந்தது. தம்பி சொக்குவுக்கு ஒன்பது. மாசி மாதத்தில் மாடிப்படியில் விழுந்ததில் சொக்குவின் கணுக்கால் உடைந்து, கோணலாகவே கூடிவிட்டது. காலை ஊன்றினால் அலறுவான். எதிர்வீட்டு மெஹ்ரீன் மூன்றாவது ஆள். அவளும் தெய்வானை வயதுதான். தெருமுனையில் அவள் வாப்பாவுக்கு சைக்கிள் ரிப்பேர் கடை இருந்தது.

போன மழைக்கு முந்தின மழையில்தான் காய்ச்சல் வந்தது. முதலில் முழங்காலில் வலிக்கும். அடுத்த நாள் இடுப்பு, அதற்கடுத்த நாள் உடம்பு முழுக்க. நாலு நாள் தாண்டினவர் இல்லை. பெரியவர்கள் அதற்கு என்னென்னவோ பெயர் சொன்னார்கள். பிள்ளைகள் வாயில் அது வெறும் வலி. "மூணாம் மாடிக்கு வலி வந்திருச்சு", "டாக்டருக்கே வலியாம்" என்று பேசிப் பேசி அந்தச் சொல்லே அதன் பெயராகிவிட்டது. வளர்ந்தவர்களையெல்லாம் அது எடுத்துக்கொண்டது, பிள்ளைகளை விட்டுவிட்டது. எந்த வயது வரைக்கும் பிள்ளை என்று அதற்குக் கணக்கு இருந்ததோ தெரியாது. பதினாறு தாண்டின யாரும் அந்தத் தெருவில் மிச்சமில்லை. பதினைந்தில் சிலர் தப்பினார்கள், சிலர் தப்பவில்லை.

மேல்மாடி ஜெரால்டுக்குப் பதினைந்தரை. நாலாவது ஆளாக அவர்களோடு இருந்தவன் அவன். அவனுடைய அப்பா இன்சீனில் ரயில்வே பட்டறை ஆபீஸில் கிளார்க்காக இருந்தவர். அந்தக் குடியிருப்புக்குப் பின்னால் கையால் அடிக்கிற பம்பு ஒன்று உண்டு, கரண்டு வேண்டாம், கோடையிலும் வற்றாது என்று ஜெரால்டுக்குத் தெரியும். இங்கே நகரத்துக்குள் பம்பெல்லாம் கரண்டு பம்பு. கரண்டு போன அன்றே செத்துவிட்டன. ஆற்றுத் தண்ணீரோ இந்த மாதத்தில் உப்பு.

"எனக்கு வர்றதுக்குள்ள உங்க மூணு பேருக்கும் ஒரு இடம் பாத்து வச்சிட்டு வந்திர்றேன்" என்று சொல்லி, தொட்டியில் இன்னும் மூன்று சாண் இருந்த நாளில் கிளம்பிப் போனான். அங்கே இடம் சரியானதும் எழுதி அனுப்புவதாகப் பேச்சு. பக்கத்துப் பேட்டையான லத்தாவிலிருந்து இரண்டு பிள்ளைகள், அக்கா தங்கை, உப்பும் தீப்பெட்டியும் எடுத்துக்கொண்டு வடக்கே போய், கீரையும் காயும் மாற்றிக்கொண்டு வருவார்கள். அவர்கள் கையில் கொடுத்தனுப்பினால் எப்படியும் வந்து சேரும்.

எப்படி எழுதுவது என்பதையும் நாலு பேரும் பால்கனியில் உட்கார்ந்து முடிவு செய்திருந்தார்கள். பர்மா பாஷையில் எழுதினால் நடுவில் யார் வேண்டுமானாலும் படிப்பார்கள். தண்ணீர் இருக்கிற இடம் தெரிந்தால் தடியோடு போகிற கூட்டமும் ஊரில் உண்டு. தமிழ் எழுத்தில் எழுதலாமென்றால் நாலு பேரில் ஒருவருக்கும் தமிழ் எழுதத் தெரியாது. ஆகவே எழுத்து பர்மா எழுத்து, பேச்சு தமிழ்ப் பேச்சு. கோழிக்கு "கோலி" என்று எழுதி ஒத்திகை பார்த்துச் சிரித்தார்கள். அப்போது அது சிரிப்பாகத்தான் இருந்தது.

மணி அடித்தது. ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கும். கயிற்றின் நுனியில் ஒரு கிளிப்பு, மேலே ஒரு மணி. முன்பெல்லாம் பேப்பர்காரனும் பலகாரக்காரியும் கயிற்றை இழுத்து மணியடித்து, கொண்டுவந்ததைக் கிளிப்பில் மாட்டிவிட்டுப் போவார்கள். தெய்வானை எட்டிப் பார்த்தாள். கீழே உப்புக்காரத் தங்கை நின்று கையை ஆட்டினாள். கயிற்றை இழுத்தபோது நுனியில் நாலாக மடித்த காகிதம் வந்தது.

அவள் பர்மா எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி, உரக்கப் படித்தாள்.

"தெய்வானை. வலி இல்ல. சொக்குவப் பாத்துக்க. ஜெரால்ட்."

மெஹ்ரீன் கையிலிருந்த தட்டை அப்படியே போட்டுவிட்டாள். "அல்லாவே! வலி இல்லையாம்டீ! அங்க யாருக்கும் வலி இல்லையாம்! அவனுக்கும் வரலடீ!"

"சொக்குவப் பாத்து பத்திரமாக் கூட்டிட்டு வரச் சொல்றான்."

"இன்னிக்கே போவோம். வாப்பா கடைக்குள்ள சைக்கா ஒன்னு நிக்குது. டியூப் மட்டும் ஒட்டணும்."

இரண்டு பேரும் துணியை இழுத்துப் போட்டு மடிக்க ஆரம்பித்தார்கள். கட்டிலில் சாய்ந்திருந்த சொக்கு கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தான்.

"ஆச்சி" என்று கூப்பிட்டான். செட்டியார் வீட்டுப் பழக்கத்தில் அக்காவை அவன் ஆச்சி என்றுதான் கூப்பிடுவான். மெஹ்ரீனுக்கு அது எப்போதும் கேலி. கோபம் வந்தால் தெய்வானையைக் கிழவி என்பாள்.

"என்னடா?"

"வழி இல்லைன்னு எழுதியிருக்கான். நீங்க ரெண்டு பேரும் எதுக்குத் துணி மடிக்கிறீங்க?"

தெய்வானை மடித்த துணியோடு நின்றாள். சொக்குவின் வாயில் அந்தச் சொல் வலிக்கும் வழிக்கும் நடுவில் எங்கோ விழுந்தது. அவர்கள் வீட்டில் எல்லோர் வாயிலும் அப்படித்தான் விழும். சொல்லும்போது எந்தச் சொல் என்பது இடத்தைப் பார்த்துத் தெரிந்துவிடும். இந்தக் காகிதத்தில் இடமே இல்லை. இரண்டே சொல்.

அவள் மறுபடியும் காகிதத்தைப் பிரித்தாள். அவர்கள் எழுதப் பழகிய பர்மா எழுத்தில் ல ஒன்றுதான். சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் கூடத்தில் தமிழ் வகுப்புக்குப் போனபோது அங்கே மூன்று ல இருந்தது ஞாபகம் வந்தது. மூன்றுக்கும் மூன்று எழுத்து. வடிவம் மறந்துவிட்டது.

"வழி இல்ல" என்று அவள் மெதுவாகச் சொன்னாள். "இங்க வந்து பொழைக்க வழி இல்ல. வராத. அங்கயே சொக்குவப் பாத்துக்க. இப்படியும் இருக்கலாம், மெஹ்ரீன்."

"ஏய், சும்மா இரு கிழவி. அவன் நல்ல சேதிதான் எழுதுவான்."

"போன தை மாசம் பல்லியில அரிசி இருக்குன்னு எழுதி வச்சான்ல?" என்றான் சொக்கு. "நான் சுவத்துல பல்லியப் பாத்துக்கிட்டு நின்னேன். அப்புறம்தான் பள்ளின்னு தெரிஞ்சுது."

"அந்தப் பள்ளியும் நீ ஸ்கூலுன்னு நெனச்ச. அவன் சொன்னது தொழுவுற பள்ளி."

"அப்ப ரெண்டு தப்பு. நான் சொன்னா யாரு கேக்குறா?"

மெஹ்ரீன் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. தெய்வானை காகிதத்தை முந்தியில் செருகிக்கொண்டு ஐந்து மாடியும் ஓடி இறங்கினாள். உப்புக்காரத் தங்கை தெருமுனையில் கூடையை இறக்கி வைத்து அக்காவுக்காகக் காத்திருந்தாள். பத்து வயதுக்கு மேல் இருக்காது. காகிதத்தை யார் கொடுத்தார்கள் என்று தெய்வானை பர்மாவில் கேட்டாள்.

"லேடான் மேம்பாலத்துக்குக் கீழ ஒரு பொண்ணு. கீரை கொண்டு வருவா. அவளுக்கு யாரு கொடுத்தாங்கன்னு தெரியாது."

"இன்சீன் வரைக்கும் வழி திறந்திருக்கா?"

"லேடான் வரைக்கும் திறந்திருக்கு, அக்கா. அதுக்கு மேல நான் போனதில்ல." அவள் தெய்வானையின் முகத்தைப் பார்த்துவிட்டு, "கெட்ட சேதியா?" என்று கேட்டாள்.

"அதுதான் தெரியல" என்றாள் தெய்வானை.

அன்று முழுக்க அந்தப் பேச்சுத்தான். பதில் எழுதிக் கேட்கலாமென்றால் போய் வர இருபது நாளாகும். அதற்குள் தொட்டி காய்ந்துவிடும். மெஹ்ரீன் முதலில் போவோம் என்று குதித்தவள், மத்தியானத்துக்கு மேல் மாறிவிட்டாள்.

"அங்க போயி ஒன்னுமில்லைன்னா திரும்பி வரத் தண்ணி இருக்காது. இங்கன்னா நமக்கு மூலை முடுக்கெல்லாம் தெரியும். எதிர் பில்டிங் தொட்டியில பார்க்கலாம்."

"எதிர் பில்டிங் தொட்டியில புறா செத்துக் கிடக்குதுன்னு நீதானே சொன்ன?"

"காய்ச்சிக் குடிப்போம்."

"எதைப் போட்டுக் காய்ச்சுறது? கட்டில் காலை வெட்டியா?"

"வெட்டுவோம். உனக்கு என்ன, நீ போகணும்னு முடிவு பண்ணிட்ட. அந்தக் காயிதத்த உனக்கு வேணுங்கற மாதிரி படிக்கிற."

"முதல்ல அப்படி அர்த்தம் சொன்னது நீதான்டி!"

சொக்கு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "என்னைய விட்டுட்டுப் போங்க. நீங்க ரெண்டு பேரும் நடந்து போயிப் பாத்துட்டு, தண்ணி இருந்தா எனக்கு ஒரு குடம் கொண்டாங்க" என்றான். விளையாட்டாகச் சொல்கிற மாதிரிதான் சொன்னான். தெய்வானை அவன் முதுகில் ஓர் அடி வைத்தாள். வலிக்காத அடி. பிறகு எழுந்து மொட்டை மாடிக்குப் போனாள்.

தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து யோசித்தாள். ஜெரால்ட் பொய் எழுதுகிறவன் இல்லை. அவன் வரச் சொல்லியிருந்தால் போக வேண்டும், வேண்டாமென்றிருந்தால் இருக்க வேண்டும். ஆனால் அவன் என்ன சொன்னான் என்பதைக் காகிதம் தன்னிடமே வைத்துக்கொண்டு விட்டது. திரும்பத் திரும்பப் படித்தால் ஒரு தடவை வலி என்று வருகிறது, இன்னொரு தடவை வழி என்று வருகிறது. காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, அது வராமலே இருந்திருந்தால் என்ன செய்வோம் என்று கேட்டுக்கொண்டாள். குச்சியை மறுபடியும் தொட்டிக்குள் விட்டாள். காலையில் பார்த்த அதே ஒரு சாண்.

கீழே வந்து சொன்னாள்: "அவன் எந்த ல போட்டிருந்தாலும் சரி. பன்னிரண்டு நாள்ல இங்க தண்ணி இல்ல. அது நமக்கு நிச்சயமாத் தெரியும். அங்க இல்லங்கிறது நிச்சயமாத் தெரியாது. நான் சொக்குவக் கூட்டிட்டுப் போறேன். நீ இருக்கறதுன்னா பாதித் தண்ணி உனக்கு."

மெஹ்ரீன் கலைந்து கிடந்த துணியை இழுத்து மறுபடி மடித்தாள். பிறகு, "நீ பெடல் பண்ணினா சைக்கா சாக்கடைக்குள்ளதான் போகும்" என்றாள். எழுந்து கடைச் சாவியைத் தேட ஆரம்பித்தாள்.

டியூப் ஒட்டி, சங்கிலிக்கு எண்ணெய் போட இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் வெளுக்கும்போதே கிளம்பினார்கள். சைக்கா என்பது சைக்கிளுக்குப் பக்கத்தில் ஒரு சக்கரமும், முன்னும் பின்னும் பார்த்து உட்கார இரண்டு இருக்கையும் வைத்த வண்டி. முன்னிருக்கையில் சொக்கு, பின்னிருக்கையில் இருபது லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் இரண்டு, அவற்றின் மேல் துணிமூட்டை. மெஹ்ரீன் மிதித்தாள். தெய்வானை பின்னாலிருந்து தள்ளினாள். இன்சீன் ஒன்பது மைல்.

தெருவின் இரண்டு பக்கமும் எட்டு மாடி, பத்து மாடிக்குக் கயிறுகள் தொங்கின. ஆள் இல்லாத வீட்டுக் கயிறுகள். சக்கரத்தில் ஒன்று மாட்டி இழுத்தபோது எங்கேயோ உயரத்தில் ஒரு மணி அடித்தது. மூன்று பேரும் நின்று மேலே பார்த்தார்கள். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

"கிளம்பு" என்றாள் தெய்வானை.

லேடான் வரைக்கும் உப்புக்காரப் பிள்ளை சொன்ன மாதிரி பாதை சரியாகவே இருந்தது. தண்டவாளத்தைக் கடக்கும் பாலத்தில் நாய்கள் ஏழெட்டு வழியில் படுத்திருந்தன. சொக்கு அவற்றிடம் பர்மாவில் மரியாதையாக விலகச் சொன்னான். "இந்த ஊரு நாய்க்குத் தமிழ் தெரியாது, ஆச்சி" என்றான். அவை விலகவில்லை. மெஹ்ரீன் சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பை ஆட்டி விரட்டினாள். மேம்பாலத்துக்குக் கீழே நிழலில் நின்று ஆளுக்கு மூன்று மடக்குத் தண்ணீர் குடித்தார்கள். கீரைக்காரப் பெண்ணை அங்கே காணவில்லை.

அதைத் தாண்டி ஒரு மைல் போனதும் பாதை நின்றது. ஊரை விட்டு ஓடப் பார்த்த நாளில் ஒன்றின்மேல் ஒன்று வந்து முட்டிக்கொண்ட பஸ்கள், குறுக்கே சுவர் வைத்த மாதிரி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் நின்றன. நடுவில் ஓர் ஆள் நுழையலாம். சைக்கா நுழையாது. ஓரத்தில் ஆழமான சாக்கடை, இப்போது காய்ந்து கிடந்தது.

சொக்கு அந்தப் பஸ்களைப் பார்த்தான். "ஒருவேளை இதத்தான் சொன்னானோ" என்றான், சின்னக் குரலில். "வழி இல்லைன்னு."

தெய்வானை அவனை முதுகில் தூக்கிக்கொண்டு பஸ் சந்தில் நுழைந்து, அந்தப் பக்கம் ஒரு மரத்தடியில் உட்கார வைத்தாள். ஒன்பது வயதுப் பிள்ளை, ஆறு வயதுக் கனம்தான் இருந்தான். திரும்பி வந்து இரண்டு பேருமாக சைக்காவைச் சாக்கடைக்குள் இறக்கினார்கள். தண்ணீர் பாட்டில்களை முதலில் இறக்கி வைத்திருக்க வேண்டும். அவசரத்தில் செய்யவில்லை. ஏற்றும்போது வண்டி சாய்ந்து, ஒரு பாட்டில் உருண்டு, சிமெண்டு விளிம்பில் மோதிப் பிளந்தது.

மெஹ்ரீன் பாய்ந்து அதை நிமிர்த்தப் பார்த்தாள். அடி முழுக்க விரிந்திருந்தது. இருபது லிட்டர் தண்ணீர் சாக்கடை மண்ணில் இறங்கிப் போவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தெய்வானை குனிந்து, கடைசியாக வழிந்ததை உள்ளங்கையில் பிடித்து மெஹ்ரீனின் முகத்தில் தடவினாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"திரும்பிடலாமா?" என்று தெய்வானைதான் கேட்டாள்.

மெஹ்ரீன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சொக்கு அந்தப் பக்கம் இருக்கான். வண்டியும் பாதி ஏறியாச்சு. திரும்பினாலும் அங்க இருக்கறது அதே தொட்டிதானே? ம், தள்ளு கிழவி."

அதற்கப்புறம் மத்தியான வெயிலில் நிற்காமல் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு வீட்டு மாடியிலிருந்து நாலைந்து பிள்ளைகள் அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கூப்பிடவுமில்லை, கல்லெறியவுமில்லை. சாயந்திரம் பட்டறையின் நீளமான தகரக் கூரைகள் தெரிந்தன. அவற்றுக்குப் பின்னால் வாகை மரங்கள், வரிசையாகப் பழைய ரயில்வே வீடுகள்.

சொக்குதான் முதலில் கேட்டான். "ஆச்சி, நில்லுங்க. கேக்குதா?"

இரும்பு உரசுகிற சத்தம். நிற்கும், மறுபடி உரசும். யாரோ கைப்பம்பு அடிக்கிறார்கள்.

மெஹ்ரீன் மிதிப்பதை விட்டுவிட்டு ஹேண்டில்பாரில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். முதுகு குலுங்கியது. தெய்வானை தள்ளிக்கொண்டிருந்த கையை எடுத்து நிமிர்ந்தாள். அப்படியானால் முதலில் படித்ததுதான் சரி. வலிதான். வலி இல்லை, வா என்றுதான் எழுதியிருக்கிறான்.

வேலிக் கதவருகே மூங்கில் கழியோடு ஒரு பெண் வந்து நின்றாள். பதிமூன்று வயதிருக்கும். இந்த நிலையிலும் கன்னத்தில் தனகா மரப்பட்டையை அரைத்துப் பூசியிருந்தாள். அவளுக்குப் பின்னால் சின்னப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர்.

"யாரு நீங்க?" என்று பர்மாவில் கேட்டாள்.

"பபேடானிலிருந்து வர்றோம். ஜெரால்டைப் பாக்கணும்."

கழி கீழே இறங்கியது. அவள் சைக்காவில் இருந்த சொக்குவின் காலைப் பார்த்தாள். பிறகு தெய்வானையைப் பார்த்தாள். "கோ ஜெரா சொன்ன தேவானே நீயா?" கோ என்றால் பர்மாவில் அண்ணன்.

"ஆமா."

"என் பேரு நிலார். கொஞ்சம் இப்படி வா" என்று தெய்வானையை மட்டும் மரத்தடிக்கு அழைத்துப் போனாள். அங்கே புது மண் மேடு ஒன்று இருந்தது. இரண்டு குச்சிகளைக் குறுக்கே வைத்துக் கட்டி நட்டிருந்தார்கள். கட்டியது நூலும் இல்லை, கயிறும் இல்லை, அவனுடைய பள்ளிக்கூட பெல்ட்.

"ஒன்பது நாள் ஆச்சு" என்றாள் நிலார். "இங்க வந்த பிறகு நல்லாத்தான் இருந்தான். எங்களுக்கு அவரைக் கொடிக்குப் பந்தல் போட்டுக் கொடுத்தான். திடீர்னு ஒரு நாள் முழங்காலப் பிடிச்சுட்டு உக்காந்துட்டான்."

தெய்வானை முந்தியிலிருந்த காகிதத்தை எடுத்து நீட்டினாள். எழுத்து வட்டமாக, அழகாக இருந்தது. ஜெரால்டின் எழுத்து இப்படி இருக்காது. அந்த ஒரு ல-வையே பார்த்துப் பார்த்து, மற்ற எழுத்தையெல்லாம் பார்க்காமலே இருந்துவிட்டோம் என்று அப்போதுதான் தெரிந்தது.

"நீ எழுதினதா?"

"ஆமா. அவனுக்குக் கை நடுங்கிச்சு. அவன் ஒவ்வொன்னாச் சொன்னான், நான் காதுல விழுந்தபடி எழுதினேன். எங்க பாஷையில எழுதக் கூடாதுன்னு சொல்லிட்டான்." நிலார் தலையைக் குனிந்துகொண்டாள். "அவன் போன பிறகு, செத்துட்டான்னு கீழ ஒரு வரி சேர்க்கணும்னு நெனச்சேன். உங்க பாஷையில அத எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. அப்படியே குடுத்தனுப்பிட்டேன்."

"வலி இல்லன்னு இருக்கே, அது என்னன்னு உனக்குத் தெரியுமா?" தெய்வானை பர்மாவில் இரண்டையும் தனித்தனியாகக் கேட்டாள். "லான் மஷிபூன்னு சொன்னானா, பாதை இல்லைன்னு? இல்ல, மனாபூன்னு சொன்னானா, வலிக்கலைன்னு?"

"அது எனக்குத் தெரியாது. என்கிட்ட பர்மாவுல சொல்லல." நிலார் கொஞ்சம் யோசித்தாள். "மூணு நாள் கத்திக்கிட்டே கிடந்தான். அன்னிக்குக் காலையில கத்தல. எந்திரிச்சு உக்காந்தான். இத எழுதுன்னு சொன்னபோது இப்படிப் பண்ணினான்." தன் இரண்டு முழங்காலிலும் உள்ளங்கையை வைத்துத் தடவி, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். "சிரிச்சான்."

தெய்வானை மண்மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

அவளைப் பெற்ற அப்பச்சிக்கும் அப்படித்தான் நடந்தது. மூன்று நாள் கட்டிலில் புரண்டவர், நாலாம் நாள் காலையில் எழுந்து உட்கார்ந்து, மீன் சாற்றில் போட்ட மொஹிங்கா நூடுல்ஸ் வாங்கி வரச் சொன்னார். வலியே இல்லை என்றார். ஆத்தா அழுதுகொண்டே சாமி படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள். மத்தியானம் அவர் போய்விட்டார். ஆத்தாவுக்கும் அதே மாதிரிதான். வலி நின்றால் என்ன அர்த்தம் என்பது அந்த ஊரில் மிஞ்சியிருந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும்.

வலியா வழியா என்று மூன்று பேரும் ஒரு நாள் முழுக்க அடித்துக்கொண்டார்கள். அங்கே வலி இல்லையா, அங்கே போக வழி இல்லையா என்றுதான் கேட்டார்களே தவிர, அவனுக்கு என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. அவன் வா என்றும் எழுதவில்லை, வராதே என்றும் எழுதவில்லை. பம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதற்கு நேரமில்லாமல் போயிருக்கலாம். இருந்த நேரத்தில், எனக்கு வலிக்கவில்லை, நீ கவலைப்படாதே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். சரியாகப் படித்திருந்தால் இந்நேரம் அவள் அந்த ஐந்தாம் மாடியில் அழுதுகொண்டு கிடப்பாள்.

நிலார் பக்கத்தில் வந்து குந்தினாள். "தண்ணி இருக்கு. யாரு வந்தாலும் தண்ணிக்கு இல்லைன்னு சொல்றதில்ல. சாப்பாடு எங்களுக்கே அரை வயிறு. பந்தல் வேலை செஞ்சா அதுல பங்கு உண்டு. அந்தப் பையன் காலை என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியாது."

"எனக்கும் தெரியாது" என்றாள் தெய்வானை.

"கோ ஜெரா இருந்த வீடு காலியா இருக்கு. கூரை ஒழுகும்."

தெய்வானை தலையாட்டினாள். எழுந்து வந்தபோது மெஹ்ரீன் சைக்காவைப் பம்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தாள். அவள் கண் தெய்வானையின் முகத்தைத் தேடி, அங்கேயே நின்றது. மெஹ்ரீன் திரும்பிப் பம்பின் கையைப் பிடித்துக்கொண்டாள், ஆனால் அடிக்கவில்லை.

"ஜெரால்ட் அண்ணன் எங்க?" என்றான் சொக்கு. "வந்தது தெரியாதா அவனுக்கு? கூப்பிடுங்க. எந்த ல-ன்னு கேக்கணும்."

தெய்வானை அவனுக்கு முன்னால் மண்டியிட்டாள். நல்ல காலின் முழங்காலில் தன் கையை வைத்தாள்.

"வலிதான்டா சொக்கு. அவனுக்கு வலி வந்திருந்துச்சு. அது நின்னுபோச்சுன்னு நமக்கு எழுதியிருக்கான்."

சொக்கு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். வலி நின்றுபோனால் என்னவென்று அவனுக்கும் தெரியும். உதட்டைக் கடித்தான். மரத்தடி மேட்டையும் அதன்மேல் இருந்த குச்சிகளையும் இப்போதுதான் பார்த்தான்.

"அப்ப நான்தான் தப்பாக் கேட்டேனா, ஆச்சி?"

"மூணு பேருமேதான்டா."

மெஹ்ரீன் பம்பை அடித்தாள். முதலில் காற்று, பிறகு துருத் தண்ணீர். நிலார் ஒரு தகரக் குவளையைக் கொண்டுவந்து குழாய்க்குக் கீழே பிடித்தாள். தண்ணீர் தெளிகிற வரைக்கும் மூன்று தடவை கொட்டிவிட்டு, நாலாவதை சொக்குவிடம் நீட்டினாள். அவன் இரண்டு கையாலும் வாங்கினான், ஆனால் குடிக்கவில்லை.

"குடி" என்றாள் தெய்வானை. "குடிச்சிட்டு அவன்கிட்டப் போவோம். நான் தூக்கிட்டுப் போறேன்."